7.346 ஏன் 7.4 ஆகாது?

படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். தரம் 9 விடைத்தாள்களைத் திருத்த உட்காரும்போதெல்லாம் ஒரே பிழை கண்ணில் படுகிறது. 7.346 ஐக் கிட்டிய முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால், அதாவது புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் வைத்து மிகக் கிட்டிய எண்ணை எழுதச் சொன்னால், கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட 7.4 என்று எழுதிவிடுகிறார்கள்.

சென்ற தவணை ஒரு மாணவியைக் கூப்பிட்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னாள்: "சேர், கடைசியில் 6 இருக்கிறது. அதனால் 4 ஐ 5 ஆக்கினேன். இப்போது 7.35. ஐந்து வந்தால் ஒன்று கூட்ட வேண்டும். ஆகவே 7.4."

விதியை அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். இரண்டு தடவை பாவித்ததில் விடை தவறிப்போனது.

அவளுடைய அடிமட்டத்தையே எடுத்து 7.3 கோட்டையும் 7.4 கோட்டையும் காட்டினேன். "இவற்றுக்கு நடு எது?" "7.35, சேர்." "7.346 அந்த நடுவைத் தாண்டிவிட்டதா?" கொஞ்ச நேரம் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லை சேர், கிட்டப் போய் நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு, அழிறப்பரை எடுத்து 4 ஐ அழித்து 3 என்று எழுதினாள்.

வினாவிலேயே 'கிட்டிய' என்ற சொல் இருக்கிறது. எது கிட்ட இருக்கிறது என்று பார்க்கச் சொல்லாமல், 'ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்று கூட்டு' என்பதை மட்டும் மனப்பாடம் செய்விக்கிறோம். இந்தக் குறை ஆசிரியர்களாகிய எங்களுடையது. பிள்ளைகளைக் கோபிப்பதில் நியாயமில்லை.

இன்னொரு பழக்கம் இதைவிடச் செலவு வைக்கும்: கணக்கு முடியுமுன்பே மட்டந்தட்டுவது. களுவாஞ்சிக்குடியில் 18.4 மீற்றர் நீளமும் 13.6 மீற்றர் அகலமும் உள்ள காணித்துண்டு ஒன்று என்று வையுங்கள். பரப்பு 250.24 சதுர மீற்றர். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.29 சதுர மீற்றர், வகுத்தால் 9.89 அளவில் வரும், அதாவது 9.9 பேர்ச். அவசரப்பட்டு 18 ஐயும் 14 ஐயும் பெருக்கினால் 252. வகுத்து மட்டந்தட்ட 10.0 பேர்ச். பேர்ச் ஒன்று மூன்று இலட்சம் ரூபாய் என்றால், வாங்குபவர் கையிலிருந்து முப்பதாயிரம் வீணாகப் போகும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 சனவரியில், பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு சுட்டெண்ணை 1000 இல் தொடங்கியது. ஒவ்வொரு கணிப்பிலும் மூன்றாம் தசமதானத்துக்குப் பின்னால் உள்ளதை மட்டந்தட்டாமல் வெட்டிவிட்டார்கள். சின்னஞ்சிறு துணுக்குகள்தான், ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் சுட்டெண் 520 சொச்சத்தில் கிடந்தது. திருத்திக் கணித்தபோது 1098 ஐத் தாண்டியது.

மேலே 10.0 என்று எழுதினேனே, அந்தப் பூச்சியத்தைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். முதலாம் தசமதானம் வரை கேட்டால் அது இருக்கத்தான் வேண்டும். பத்தில் ஒன்று வரை பார்த்தோம் என்று சொல்வது அதுதான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுவேலைக் கொப்பியைப் பார்க்கும்போது, விடை சரியா என்று கேட்குமுன், "இது எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கிறது?" என்று கேளுங்கள். பிள்ளை அடிமட்டத்தைத் தேடினால் எடுத்துக் கொடுங்கள்.