என்செபலைடிஸ்: மூளைக்காய்ச்சலா, மூளையழற்சியா?

கேரளத்தில் நிப்பா வைரஸ் தலைகாட்டும்போதெல்லாம் செய்திகளில் கூடவே வரும் சொல் 'என்செபலைடிஸ்'. பெரும்பாலும் இதை மூளைக்காய்ச்சல் என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'என்' என்றால் உள்ளே, 'கெஃபலே' என்றால் தலை. தலைக்குள் இருப்பது 'என்கெஃபலோஸ்', அதாவது மூளை. வாலாக ஒட்டியிருக்கும் 'ஐடிஸ்' முதலில் 'அதைச் சார்ந்தது' என்ற பொருளையே தந்தது. பிற்பாடு மருத்துவர்கள் அதை அழற்சிக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள். டான்சிலைடிஸ், ஆர்த்ரைடிஸ் எல்லாம் இதே வால்தான்.

அழற்சிக்கு வேர் அழல், அதாவது நெருப்பு. திசு வீங்கிக் கொதிப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. முழங்காலில் அடிபட்டு வீங்கினால் தோல் இடம் கொடுக்கும், மண்டையோடு கொடுக்காது. வீங்கிய மூளை உள்ளேயே நெரிபடும். அழற்சியும் இந்த நெரிசலும் சேர்ந்துதான் உளறல், ஓயாத தூக்கக் கலக்கம், வலிப்பு, கடைசியில் சுயநினைவிழப்பு. காய்ச்சல் இவற்றோடு வரும் ஓர் அறிகுறி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கழுத்து விறைக்கும் மெனிஞ்சைடிஸையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்கிறோம். அது மூளையைச் சுற்றிய உறையில் வருவது, மூளையுறை அழற்சி.

சரி, மூளையழற்சி என்று எழுதிவிட்டால் போதுமா? அந்தச் சொல் தீப்பற்றிய இடத்தைச் சொல்லும், பற்றவைத்தது யார் என்று சொல்லாது. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளையழற்சி வந்தபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் அதிகம் தாக்குவது குழந்தைகளை. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதற்குள் பலர் இறந்திருந்தார்கள். மொத்தம் 265 நோயாளிகள், 105 சாவுகள்.

அந்த வைரஸுக்கு சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரை வைத்தார்கள். மலாயில் சுங்கை என்றால் ஆறு, நிப்பா என்பது சதுப்புக் கரையில் வளரும் ஒரு பனை. பாவம், அந்தப் பனைக்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.