பழைய ஒயின் என்றால் நல்ல ஒயினா?

லண்டனில் நான் ஒயின் பரிமாறும் உணவகத்துக்கு ஒருவர் பாட்டில் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார். பிரான்சின் போர்டோ பகுதியில் போயாக் ஊர்ச் சரக்கு, 1996-ஆம் ஆண்டு. மகன் பிறந்த வருடமாம். இத்தனை காலமும் சமையலறை அலமாரி மேல் நிமிர்ந்தே நின்றிருக்கிறது.

திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஒயின் மட்டம் பாட்டிலின் தோளுக்கும் கீழே இறங்கியிருந்தது. கார்க் காய்ந்து சுருங்கி, காற்று உள்ளே போயிருக்கிறது. கிளாஸில் ஆறிப்போன டிகாஷன் நிறம். முகர்ந்தால் காடி நெடி.

அதே ஊர், அதே வருடம், ஆனால் 12, 13 டிகிரி குளிர்ச்சியில், இருட்டில், படுக்கவைத்திருந்த பாட்டில் ஒன்றை முன்பு ருசித்திருக்கிறேன். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முதலில் வாசனையே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சுருட்டுப் பெட்டி, அப்போதுதான் சீவிய பென்சில். பிறகு மழை நின்ற தோப்பில் கிடக்கும் இலைச்சருகு. பழ வாசனை கடைசியில்தான் வந்தது, அதுவும் உலர்ந்த பழமாக.

வாயில் வைத்தால் துவர்ப்பு. கபர்னே சோவின்யோன் திராட்சையின் தோலும் விதையும் தரும் டானின் அது. இளம் ஒயினில் பிஞ்சு வாழைக்காயைக் கடித்தது போல நாக்கைப் பிடிக்கும். ஆண்டுகள் போகப் போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் வண்டலாகப் படியும். அதனால்தான் நிறம் வெளிறுகிறது, துவர்ப்பும் பட்டுப்போல ஆகிறது. வண்டலைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகத் தெளிவை மட்டும் ஊற்றினால் போதும். மிகப் பழையதை ஜாடியில் ஊற்றி மணிக்கணக்கில் காற்றாட விடவும் வேண்டாம். அரைமணியிலேயே சோர்ந்துபோனவை உண்டு.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். அது வயதின் மணம் இல்லை, கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற ரசாயனம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினைக் கெடுத்துவிடும்.

கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்தவை. அவற்றைப் பூட்டி வைப்பதில் பயன் இல்லை. பழையதை விலை கொடுத்து வாங்குவதானால், வருடத்தைவிட எங்கே, யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். ரூடி குர்னியவான் என்பவர் அரிய பழைய ஒயின் என்று போலிகளை விற்று, 2013-இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஏமாந்தவர்களில் பெரிய சேகரிப்பாளர்களும் இருந்தார்கள்.

இன்னொன்று, வயதானால் ஒயினில் ஆல்கஹால் குறைந்துவிடாது. மதுவைப் புற்றுநோய் தரும் பொருள் என்று 1988-லேயே வகைப்படுத்திவிட்டார்கள். ருசி பார்க்கும் நாங்கள் துப்பிவிடுகிறோம்.

சரி, அந்த வாடிக்கையாளர். “கொஞ்சம் களைத்துவிட்டது சார்” என்றேன். வீட்டில் இதே மாதிரி இன்னொரு பாட்டில் இருக்கிறதாம், மகன் கல்யாணத்துக்கு. என்ன செய்வது என்று கேட்டார். இன்று ராத்திரியே திறந்துவிடுங்கள், பக்கத்தில் வேறொரு பாட்டிலும் தயாராக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.