பேச்சு கேட்டல்: 'பாட்காஸ்ட்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

முக்கூடலில் இருக்கும் என் மதினி காலை ஒன்பது மணிக்குப் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். நனைத்து வெட்டிய இலை ஒரு பக்கம், தூள் நடுவில், நூற்கண்டு ஓரத்தில். பக்கத்தில் தரையில் கைப்பேசி குப்புறக் கிடக்கும். திரையை அணைத்தால் யூடியூபில் பேச்சு நின்றுவிடும். அணைத்த பிறகும் ஓட வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதனால் திரை எரிந்தபடியே தரையைப் பார்த்துக் கிடக்கிறது. உள்ளே இரண்டு பேர் தொகுதிப் பங்கீடு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் முகத்தை மதினி சரியாகப் பார்த்ததே இல்லை. ஆனால் குரலை வைத்தே, "இந்த ஆள் போன வாரம் இதையே மாற்றிச் சொன்னார்" என்று கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன மதினி, பாட்காஸ்ட் கேட்கிறீர்களா?" என்றேன் ஒருநாள்.

"பாட்டெல்லாம் இல்லை தம்பி, பேச்சு கேட்கிறேன்" என்றார்.

அவர் சொன்ன 'பேச்சு'தான் என்னை இந்தச் சொல்லின் வேரைத் தேட வைத்தது.

பாட்காஸ்ட் என்ற சொல் பிறந்து இன்னும் கால் நூற்றாண்டு ஆகவில்லை. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளேட்டில் பென் ஹேமர்ஸ்லி என்ற செய்தியாளர், தனியாட்கள் பேசிப் பதிந்து இணையத்தில் ஏற்றும் ஒலிக்கோப்புகள் பெருகிவருவதைப் பற்றி எழுதினார். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவரே மூன்று பெயர்களை முன்வைத்தார். நடுவில் இருந்தது 'பாட்காஸ்டிங்'. அதுவே நிலைத்தது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் இவற்றுக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி இதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி ஐபாட், அதாவது ஆப்பிள் நிறுவனம் விற்ற கையடக்கப் பாட்டுக் கருவி; பின்பாதி பிராட்காஸ்ட். பின்பாதியை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது வயலில் இருந்து வந்தது. நாற்றங்கால் விட்டு நடாமல், விதையைக் கையில் அள்ளி வயல் முழுக்க வீசித் தூவுவதற்கு ஆங்கில உழவர் வைத்திருந்த சொல் அது. வானொலி வந்தபோது, குரலையும் அப்படித்தானே நான்கு திசையிலும் வீசுகிறோம் என்று அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாம் வைத்த 'ஒலிபரப்பு' என்ற சொல்லிலும் அந்தப் 'பரப்புதல்' இருக்கிறது. பிசானம் என்னும் நெற்பருவத்துக்கு விதைக்கிற தாமிரபரணிக் கரை உழவருக்கு இந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

முன்பாதியான 'பாட்' என்பதற்கு நெற்று என்று பொருள். உளுந்து நெற்று, பயற்றுநெற்று என்கிறோமே, அந்த நெற்று. விதையைப் பொதிந்து வைத்திருக்கும் நெற்றைக் குறித்த அந்தச் சொல், பின்னாளில் விண்கலத்தோடு சேர்ந்த சிறு கலத்துக்கும் ஆகிவந்தது. ஐபாடுக்குப் பெயர் வைத்தவரின் மனத்தில் இருந்தது அந்தச் சிறு கலம்தான். ஆக, நெற்றும் விதைப்பும் ஒரே சொல்லில் சந்தித்தது தற்செயல். இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஐபாட் 2001இல் வந்தது. 2022இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கருவி போய்விட்டது, பெயர் நிற்கிறது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பனையோலையில் எழுதுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நாளேடு, வார ஏடு என்றுதானே சொல்கிறோம்?

இனிப் பொருள். வானொலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர் நீரை வைத்துச் சொல்லலாம். வானொலி மழையைப் போன்றது. அது பெய்யும் நேரத்தில் நாம் வெளியே நிற்க வேண்டும், தவறவிட்டால் போனதுதான். பாட்காஸ்ட் குளத்துத் தண்ணீர். தேவைப்படும்போது மடையைத் திறந்துகொள்ளலாம். நிகழ்ச்சி ஒலிக்கோப்பாக ஓரிடத்தில் கிடக்கும். புதிய கோப்பு வந்ததும் அதற்கென்று அமைந்த செய்தியோடை வழியாகக் கேட்பவரின் கருவிக்குத் தகவல் வரும். அவர் விரும்பிய நேரத்தில் கேட்பார், நிறுத்துவார், பின்னால் தள்ளி மறுபடியும் கேட்பார். அடிப்படை இவ்வளவுதான்.

தமிழில் இதற்கு நிலைபெற்றுவரும் சொல் 'வலையொலி'. வானொலி என்ற அழகான சொல்லின் அச்சில் வார்த்தது. வான் வழியே வந்த ஒலி வானொலி, வலை வழியே வரும் ஒலி வலையொலி. சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறாது. வலையொலியாளர், வலையொலித் தொடர் என்று நீட்டிக்கொள்ளவும் இடம் தருகிறது. சிலர் 'போட்காஸ்ட்' என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தை எந்த ஊர் வாயால் கேட்டார்களோ அந்த ஊர் ஒலிப்பு. அச்சில் பாட்காஸ்ட் என்று வருவதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் சொந்தச் சொல் இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்ட பிறகு அதைத் தள்ளிவைப்பது நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. யூடியூப் அலைவரிசையைப் பலர் 'வலையொளி' என்று எழுதுகிறார்கள். ஒலி காதுக்கு, ஒளி கண்ணுக்கு. இரண்டுக்கும் இடையே இருப்பது ஓர் எழுத்து. லகர ளகரம் தடுமாறுகிறவர் கையில் இரண்டு சொல்லும் குழம்பிவிடும். காணொலியா காணொளியா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. அரசு அறிக்கைகளிலும் நாளேடுகளிலும் 'காணொலிக் காட்சி' என்று வருகிறது, மற்ற இடங்களில் காணொளியும் நடமாடுகிறது. நான் வலையொலியைக் காதுக்கு ஒதுக்குகிறேன், யூடியூபை யூடியூப் என்றே எழுதுகிறேன். பெயர்ச்சொல்லை மொழிபெயர்த்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

ஆனால் குழப்பம் எழுத்தோடு முடியவில்லை, பழக்கத்திலும் இருக்கிறது. ஒலிக்கென்றே இருந்த கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில் யூடியூப், மாதந்தோறும் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தன் தளத்தில் பாட்காஸ்ட்களை நாடுகிறார்கள் என்று அறிவித்தது. கேட்க வேண்டியதைப் பார்க்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து மக்கள் அதைத் திருப்பிப் போட்டு, பார்க்கிற இடத்தில் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குப்புறக் கிடக்கும் அந்தக் கைப்பேசியைப் பார்த்த பிறகு, வலையொலி என்ற சொல்லுக்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அரசியலைக் காதால் வாங்குவது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிது இல்லை. 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பேசியதைக் கேட்டுத்தான் சனங்கள் திரண்டார்கள். மார்ச் 12 அன்று அவர்கள் கைதானதும் மறுநாள் ஊரே கொந்தளித்தது. அந்தப் பேச்சுகளைக் காவல்துறையினர் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புகள்தாம் வழக்கில் சான்றாக வந்தன. கூட்டத்தில் நின்றவர்களோ காதில் வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பின் டீக்கடைகளில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. இலங்கை வானொலி கடல் தாண்டித் தெளிவாகக் கேட்கும் கரை இது. ஈழத்தில் என்ன நடக்கிறது என்று அறிய இரவில் பிபிசி தமிழோசைக்கு முள்ளைத் திருப்பிய வீடுகள் எத்தனையோ. 1941இல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றபோது, வீட்டில் ஒரு பெரியவர் போனதுபோல் என் தந்தை இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இடையில் கேசட் காலம் ஒன்றும் இருந்தது. கட்சித் தலைவர்களின் மேடைப் பேச்சைக் கேசட்டில் வாங்கி, பிடித்த இடத்தைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டார்கள். வேண்டும்போது கேட்பது, நிறுத்துவது, மறுபடி கேட்பது: வலையொலியின் இலக்கணம் அந்த நாடாவிலேயே இருந்தது.

ஆள்பவர்களும் இந்தக் காதுகளைத் தேடி வருகிறார்கள். பிரதமர் நரேந்திர மோடியின் 'மனதின் குரல்' 2014 அக்டோபரில் வானொலியில் தொடங்கியது. மு.க. ஸ்டாலின் முதலமைச்சராக 2023 செப்டம்பரில் ஒரு வலையொலித் தொடரைத் தொடங்கினார். இருவரும் வெவ்வேறு கரைகளில் நின்றாலும் தேர்ந்தெடுத்தது குரலைத்தான்.

எங்கள் பக்கத்துக் கேட்பவர்களுக்கு எது பிடிக்கிறது? நான் பழகும் வட்டத்தை வைத்துத்தான் சொல்கிறேன். நாகர்கோவில் பஸ்ஸில் தினமும் போய்வரும் அண்ணாச்சி ஒருவருக்கு ஒன்றரை மணி நேரப் பேட்டி வேண்டும். போகும்போது பாதி, திரும்பும்போது மீதி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பாளையங்கோட்டைப் பையன்கள் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். நானும் முயன்று பார்த்து விட்டுவிட்டேன், பேசுகிறவர் மூச்சு விடும் இடம்கூடக் கேட்க வேண்டும் எனக்கு. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் தொலைக்காட்சி விவாதம் மதினிக்கு ஆகவே ஆகாது. காரணத்தையும் அவரே சொன்னார்: "கத்தும்போது யார் பேசுகிறார் என்று பார்க்கக் கண்ணைத் தூக்க வேண்டும். கண்ணைத் தூக்கினால் பீடி கெட்டுப்போகும்." முகப்புப் படத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே வேறொன்றைப் பேசும் நிகழ்ச்சிகளை எல்லாரும் ஒருமுறைதான் மன்னிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அவர்கள் தேடுவது தங்கள் ஊரை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் திரும்பிய பிறகு எங்கள் தெருவில் எல்லாரும் தேடியது ஒன்றைத்தான்: பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் எப்போது, எவ்வளவு நீர் திறந்தார்கள், முன்னெச்சரிக்கை யாருக்குப் போனது? அதை அணை அணையாக, மணி மணியாக விளக்கிய பேச்சை ஒரு மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்து கேட்டார்கள். ஊர்ப் பெயரைப் பிழையாக உச்சரித்து இரண்டு நிமிடத்தில் கடந்துபோன நிகழ்ச்சிகளை அன்றோடு விட்டவர்களும் உண்டு.

இப்படிக் கேட்பவரை என்ன சொல்லி அழைப்பது? இணையத்தில் பார்வையாளர், பின்தொடர்வோர், சந்தாதாரர் என்று என்னென்னவோ வருகிறது. பணம் கட்டாதவர் எப்படிச் சந்தாதாரர் ஆவார்? திரையைக் குப்புறப் போட்டவர் எப்படிப் பார்வையாளர் ஆவார்? வானொலி நமக்கு ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது: நேயர். நேயம் என்றால் அன்பு. நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் சூடு தெரியும். முகம் தெரியாத குரலோடு ஒருவருக்கு உண்டாகும் ஒட்டுறவை ஆங்கிலம் 'கேட்பவர்' என்பதோடு விட்டுவிடுகிறது. தமிழ் அந்த அன்பையும் சேர்த்துச் சொல்கிறது. வலையொலிக்கு நேயர் என்ற சொல்லையே கொண்டுவர வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

இன்னொரு சொல்லையும் சேர்க்க வேண்டும்: கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பெயர். அங்கே அதன் பொருள் அறிந்தோர் சொல்வதைக் காதால் கேட்பது. இன்று நாம் வினாவையும் கேள்வி என்கிறோம். கேட்டல் என்ற ஒரே வினைக்குள் காது கொடுப்பதும் வினவுவதும் சேர்ந்தே இருக்கின்றன.

போன மாதம், மதினி வழக்கமாகக் கேட்கும் அந்த அரசியல் நிகழ்ச்சியில், உங்கள் கேள்வியைக் குரற்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று நெறியாளர் சொன்னாராம். மதினி என்னைக் கூப்பிட்டு, எப்படி அனுப்புவது என்று கேட்டார். தட்டைக் கீழே இறக்கி வைத்தார், கைத்தூளை முந்தானையில் துடைத்தார், கைப்பேசியை முதல்முறையாக நிமிர்த்திப் பிடித்தார். "இத்தனை மாதமாக எல்லாக் கட்சியைப் பற்றியும் பேசுகிறீர்கள். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று ஒருநாளாவது பேசுவீர்களா?" என்று நிதானமாகச் சொன்னார். அனுப்பிவிட்டு, பதில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். எப்போது வேண்டுமானாலும் வரலாம் மதினி, வந்தால் கோப்பு அங்கேயே இருக்கும் என்றேன். கைப்பேசியைப் பழையபடி குப்புறப் போட்டுவிட்டுத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.