பகுதி முகப்பில் ஒரு சிக்குக் கோலம்

கனமான புத்தகங்களில் நாலைந்து இயல்கள் முடிந்ததும் ஒரு வலப்பக்கம் தனியாக நிற்கும். ‘பகுதி இரண்டு’ என்று ஒரு வரி, அதன் கீழ் தலைப்பு, சுற்றிலும் ஏதோ ஒரு பூவேலை. வேர்டில் இதைச் செய்பவர் படத்தை ஒட்டி, எழுத்தை அதன்மேல் இழுத்து வைத்துவிட்டுப் போய்விடலாம். கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் மென்பொருளில் அது நடக்காது. அங்கே பகுதியைத் தொடங்கும் ‘பார்ட்’ என்ற ஒரே கட்டளைக்குள் பல வேலைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த அடுக்கில் கை வைக்கிறோம் என்று தெரியாமல் அலங்காரம் செய்யப் போனால், கோலம் ஒரு பக்கத்திலும் தலைப்பு அடுத்த பக்கத்திலும் வந்து நிற்கும்.

அந்த அடுக்குகளை முதலில் பார்த்துவிடலாம். ‘புக்’ என்ற புத்தக வகுப்பில் (ஆவண வகையில்) ‘பார்ட்’ வந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் பக்கம் முடிக்கப்பட்டு அடுத்த வலப்பக்கம் திறக்கிறது. நடுவில் ஓர் இடப்பக்கம் மாட்டிக்கொண்டால் அது காலியாக விடப்படுகிறது. புதிய பக்கத்தின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெறும் பெட்டி, அதன் கீழ் நீண்டு கொடுக்கும் ஓர் இடைவெளி, பிறகு பகுதி எண், 20 பாயின்ட் விட்டுத் தலைப்பு, மறுபடி நீளும் இடைவெளி. கடைசியாக, முகப்பின் முதுகுப்பக்கம் காலியாக விடப்படுகிறது. இதற்கிடையே எண் ஒன்று கூட்டப்பட்டு, தலைப்பு பொருளடக்கக் கோப்பிலும் பதிவாகிவிடுகிறது.

உச்சியில் அந்த வெறும் பெட்டி எதற்கு? டொனால்ட் கனூத் 1970-களின் கடைசியில் உருவாக்கிய டெக்தான் லாடெக்குக்கு அடித்தளம். அது பக்கத்தைப் பெட்டிகளாலும் அவற்றுக்கு இடையே நீண்டு சுருங்கும் ‘பசை’யாலும் கட்டுகிறது. பக்கத்தின் தலையில் வரும் பசையை அது பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். முன்னால் ஒரு பெட்டி இருந்தால்தான் பசை நிற்கும். ‘விஸ்பேஸ்’ கட்டளையால் தலைப்பைக் கீழே தள்ளப் பார்த்து, அது அசையவே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் மாட்டுவது இங்கேதான். அந்தக் கட்டளையோடு ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால் இடைவெளி தங்கிவிடும்.

மேலும் கீழும் ஒரே அளவு பசை இருப்பதால் தலைப்பு மிகச்சரியாக நடுவில் உட்காருகிறது. அளவுகோலுக்கு அது நடு, கண்ணுக்கோ சற்றுச் சரிந்த மாதிரி தெரியும். மேலே இரண்டு பங்கு, கீழே மூன்று பங்கு என்று ‘ஸ்ட்ரெட்ச்’ கொடுத்தால் சரியாகிவிடும். எழுத்துப் பரப்பின் உயரம் 160 மி.மீ., தலைப்புக்கு 30 மி.மீ. என்றால், மிச்சமுள்ள 130 மி.மீ. மேலே 52, கீழே 78 என்று பிரியும்.

எழுத்தின் அமைப்பை மாற்ற, லாடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் ‘டைட்டில்செக்’ என்ற துணைத் தொகுப்பு போதும். அதில் ‘பார்ட்’டைப் ‘பேஜ்’ வகைத் தலைப்பாக அறிவித்து, பக்கப் பாணியை ‘எம்டி’, அதாவது காலி, என்று வைக்க வேண்டும். இல்லையென்றால் இயல்பான பாணி பக்க எண்ணைக் கொண்டுவந்து கீழே, கோலத்தின் காலடியில் போட்டுவிடும். முகப்புக்கு முன்னால் வரும் காலிப் பக்கத்தில் பழைய இயலின் தலைவரி எட்டிப் பார்ப்பது இன்னொரு தொல்லை. ‘எம்டிபேஜ்’ என்ற சின்னத் தொகுப்பைச் சேர்த்தால் அது போய்விடும்.

அலங்காரத்தை எழுத்தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது. பக்க உயரத்துக்கு ஒரு படம் வரைந்து தலைப்புக்கு முன்னால் வைத்தால், டெக்கின் கணக்கில் அது ஒரு முழுப்பக்கப் பெட்டி. தலைப்புக்கு இடம் ஏது? ‘டிக்ஸ்’ என்ற வரைபடத் தொகுப்பில் போடும் படத்துக்கு ‘ஓவர்லே’ என்று சொன்னால் அதன் அளவு பூச்சியமாகிவிடும், இடம் அடைக்காது. ஆனால் பக்கத்தின் மூலைகளை வைத்து அளக்க ‘ரிமெம்பர் பிக்சர்’ஐயும் சேர்க்க வேண்டும். அது இருப்பிடத்தைத் துணைக்கோப்பில் எழுதிவைத்து அடுத்த ஓட்டத்தில், அதாவது லாடெக்கை மறுபடி இயக்கும்போதுதான், படிக்கிறது. முதல் ஓட்டத்தில் படம் தப்பான இடத்தில் விழுந்தால் பதறாமல் இன்னொரு முறை ஓட்டினால் போதும்.

இதைவிட ‘எஸோபிக்’ தொகுப்பு சுலபம். அது படத்தைப் பக்கத்தின் பின்னணியில் வைக்கிறது. தாளின் கீழ் இடது மூலைதான் தொடக்கம், அங்கிருந்து மில்லிமீட்டரில் அளந்துகொள்ளலாம். பின்னணியில் சேர்க்கும் அந்தக் கட்டளைக்கும் ஒரு நட்சத்திரம் தேவை. அதை மறந்தால் முகப்பில் வந்த கோலம் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் வரும்.

சரி, என்ன வரைவது? இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பியக் கொடிவேலைகளைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒட்டினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது. சிக்குக் கோலம் நன்றாகப் பொருந்தும், கணினிக்கும் அது பழைய சொந்தம். 1970-களிலேயே சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இங்கே தேவைப்படுவது அதைவிட எளிய கணக்கு.

புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வலம், மேல், இடம், கீழ் என்று நான்கு பக்கங்கள். ஒரு பக்கத்தில் இருக்கும் புள்ளியோடு இழை சேர வேண்டாம் என்றால், அந்தப் பக்கத்தில் 3.54 மி.மீ. ஆரத்தில் கால்வட்டம். சேர வேண்டும் என்றால், கால்வட்டத்துக்குப் பதில் இரண்டு நேர்கோடுகள் 45 பாகையில் கிளம்பி, இரு புள்ளிகளுக்கும் நட்ட நடுவில் முனையாகச் சந்திக்கும். கோலத்துக்கு வேண்டிய உறுப்புகள் இந்த இரண்டுதான். 3.54 எப்படி வந்தது? புள்ளிகளின் இடைவெளியில் பாதி 5 மி.மீ. அந்த நடுவிடத்திலிருந்து 45 பாகையில் வரும் கோடு வட்டத்தை உரசிப்போக வேண்டுமானால் ஆரம் 5-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவாக இருக்க வேண்டும். அப்போதுதான் நேர்கோடு வளைவோடு முடிச்சுத் தெரியாமல் சேரும், பக்கத்துப் புள்ளியின் கோடும் நடுவில் ஒடியாமல் குறுக்கே கடந்து போகும். 3.5 என்று முழுமைப்படுத்தினால் கோடு வட்டத்தைச் சரியாக உரசாது.

நான்கு பக்கங்களுக்கும் ‘சேர், சேராதே’ என்று இரண்டே நிலைகள் இருப்பதால் மொத்தம் 16 வடிவங்கள். திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் ஆறுதான் மிஞ்சும். முழு வட்டமும் கண்ணீர்த்துளியும் இலையும் அதில் அடக்கம். ‘ஃபோரீச்’ சுழற்சி ஒன்று எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து வரைந்துவிடும்.

பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்து 5-க்கு 5 போட்டால் கோலம் ஒரே இழையாக வராது, ஐந்து தனித்தனி இழைகளாகப் பிரியும். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ அத்தனை இழைகள். 4-க்கு 6 போட்டால் இரண்டு, 5-க்கு 7 போட்டால் ஒன்றே ஒன்று. ஆகவே ஏ5 பக்கத்துக்கு 5-க்கு 7 நல்ல தேர்வு. 47 மி.மீ. அகலம், 67 மி.மீ. உயரம், கோட்டின் தடிமன் 1.2 பாயின்ட். ஏதாவது ஒரு சேர்ப்பை வெட்டிப் பார்த்தால், அங்கே கடந்துபோனவை இரு வேறு இழைகளாக இருந்தால் ஒன்றாகிவிடும். ஒரே இழை தன்னையே கடந்த இடம் என்றால் இரண்டாகப் பிரியக்கூடும். வாசலில் போடுபவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும்.

கோலத்தை மங்கலாகக் காட்ட ஒளிபுகும் தன்மையைப் பயன்படுத்தக் கூடாது. இழை கடக்கும் இடங்களில் மை இரண்டு தடவை விழுந்து கரும்பொட்டுகள் தெரியும். 30 சதவீதச் சாம்பல் என்று நிறத்தையே நேராகக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

எழுத்தில்தான் தமிழுக்கே உரிய வில்லங்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டி விரிப்பது வழக்கம். அதைப் பார்த்துத் தமிழிலும் ‘லெட்டர்ஸ்பேஸ்’ போட்டால் ‘கோ’ என்ற ஒரே எழுத்து கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக விலகி நிற்கும். பெரிய முதலெழுத்து வைப்பதிலும் இதே கதை. ‘கொடி’ என்ற சொல்லில் முதல் குறியீட்டை மட்டும் எடுக்கும் கட்டளை ‘க’வைப் பிடித்துக்கொண்டு உயிர்க்குறியை அநாதையாக விடும். எழுத்துரு அதைப் புள்ளிவட்டம் போட்டுக் காட்டும். ‘கொ’வை நெளிவு அடைப்புக்குள் சேர்த்துக் கொடுத்தால் முழு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் யூனிகோடு எழுத்தை நேரடியாகப் படிக்கும் டெக் வகைகளான ஸீடெக் அல்லது லுவாடெக் இருந்தால்தான் பேச்சு. லுவாடெக்கில் எழுத்துருவை அழைக்கும்போது, எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ வழியாக வரையச் சொல்லவும் வேண்டும்.

வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். மேல்வரி ‘து’வின் வாலும் கீழ்வரி ‘தீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, 28 பாயின்ட் எழுத்துக்கு 40 பாயின்ட் வைக்கலாம். அளவு கொடுத்தும் இடைவெளி மாறவில்லை என்றால் பத்தி முடிக்கும் ‘பார்’ கட்டளை அடைப்புக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். டெக் வரி இடைவெளியைப் பத்தி முடியும் இடத்தில்தான் பார்க்கிறது. நீளமான தலைப்பைக் கையால் வரி உடைத்தால் அந்த உடைப்பு பொருளடக்கத்துக்கும் போகும். சதுர அடைப்பில் உடைக்காத தலைப்பைத் தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது. பகுதி எண் இயல்பாக ரோமன் எழுத்தில் வரும். அதைத் தமிழ் எண்ணாக்க விரும்பினால் பழைய முறையில் பத்து என்பது ‘௰’ என்பதை மறக்க வேண்டாம்.

அச்சகத்துக்குப் போகும்போது நிறத்தைச் சாம்பல் முறையில் கொடுக்க வேண்டும். திரைக்கான முறையில் கொடுத்த கறுப்பு நான்கு மையாகப் பிரிந்து, சற்று நகர்ந்தாலும் கோலத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும். அலங்காரம் தாளின் விளிம்பைத் தொடுமானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டுமிச்சம் (அச்சுக்குப் பின் வெட்டி எறியும் ஓரம்) வேண்டும். அப்போது தாள் 154-க்கு 216 மி.மீ. ஆகிவிடுவதால், ‘எஸோபிக்’ அளவுகள் எல்லாவற்றிலும் 3 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும்.

செலவையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஐந்து பகுதிகள் என்றால் முகப்பும் முதுகுமாக 10 பக்கம், முன்னால் மாட்டும் காலிப் பக்கங்கள் அதிகபட்சம் 5. மொத்தம் 15. ஒரே தாளில் அச்சாகி மடியும் 16 பக்க ஃபாரம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு முழு ஃபாரம் கோலத்துக்கே போகிறது. கட்டுப்படியாகாது என்றால் வகுப்புத் தேர்வில் ‘ஓப்பன்எனி’ போட்டுவிடலாம். காலிப் பக்கங்கள் மறைந்துவிடும், ஆனால் முகப்பு சில நேரம் இடப்பக்கத்தில் வந்து விழும்.