‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள்

குன்னூரில் கணக்கு, வரி வேலை பார்ப்பவன் நான். ஜூலை மழையில் கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்து, போனை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். கணவர் அபுதாபி எண்ணெய்க் களத்தில், ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் 8 வருஷமாக ஃபிட்டர். ஆள் குறைக்கிறார்களாம். “நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடணுமாம், சார்.”

கச்சா எண்ணெய் விலை இறங்கினால் முதலில் கழற்றிவிடுவது ஒப்பந்த ஆட்களைத்தான். 2020-இல் பார்த்தோமே. அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ரீஸ்ட்ரக்சரிங்’.

கையெழுத்துக் கேட்ட கணக்குத் தாளைக் கணவர் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 16,800 திர்ஹாம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 3,000. ஒரு நாளைக்கு 100. அமீரகச் சட்டப்படி முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருஷம் 30 நாள். 105-ம் 90-ம் சேர்ந்து 195 நாள், அதாவது 19,500. எட்டு வருஷத்துக்கும் 21 நாளாகவே போட்டிருந்தார்கள். கை தவறிப் போட்டது என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

அதைவிட உறுத்தியது அடியில் இருந்த வரி: ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்.’ இதனால் பணிக்கொடை குறையாது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்தினால் நிறுவனம் தர வேண்டிய குறைந்தது 30 நாள் நோட்டீஸ் சம்பளம் கைவிட்டுப் போகும். அப்புறம் வேலையிழப்புக் காப்பீடு. 2023 முதல் அங்கே அது கட்டாயம். இவர் சம்பளத்துக்கு மாசம் 5 திர்ஹாம். தொடர்ந்து 12 மாசம் கட்டியவருக்கு வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், 3 மாசம் வரை வரும். இவருக்கு 5,400 வரை. தானாக விலகியவருக்கு ஒரு பைசா கிடையாது. வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் அதுவும் போச்சு. நம் ஆட்களோ டிக்கெட் கையில் வந்ததும் பெட்டி கட்டிவிடுகிறார்கள். வயிற்றெரிச்சல்!

பாக்கியைத் தர நிறுவனத்துக்கே சட்டம் 14 நாள் கொடுக்கிறது. நமக்கு மட்டும் ஏன் நாளைக்குக் காலை? புரியாத தாளைப் படமெடுத்து, தெரிந்தவர் யாருக்காவது அனுப்பிவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து வாய்ஸ் மெசேஜ் போட்டார்: “போடாதீங்க. சார் கணக்கு எழுதித் தர்றார்.” நாலாம் நாள் புதுத் தாள் வந்தது. தொகை 19,500. விலகல் வரி மட்டும் அப்படியே இருந்தது. திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.