செத்த டிஸ்க்குல இருந்த ஸ்வாப்பை எங்க போய்த் தேடறது?

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனிக்கு லினக்ஸ் சர்வர் பாத்துக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: ரெண்டு டிஸ்க்குல ஒண்ணு செத்துப்போச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்ல புதுசு வாங்கி மாட்டியாச்சு, ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே டேட்டாவை எழுதி வெக்கற ரெய்டு புண்ணியத்துல டேட்டா முழுசா வந்துருச்சு, ஆனா மெமரி கணக்கு காட்டற ஃப்ரீ கமாண்ட் அடிச்சா ஸ்வாப் (ராம் பத்தாதப்ப உதவிக்கு வெச்சுக்கற டிஸ்க் இடம்) வரியில பூஜ்யம், பூட் ஆகறப்ப வேற ஒன்றரை நிமிஷம் அப்படியே நிக்குது, பழைய ஸ்வாப்பை எந்த பேக்கப்புல இருந்து எடுக்கறதுன்னு.

எடுக்கவே வேணாம் சார். சர்வரை ஆஃப் பண்ணின நிமிஷமே அதுல இருந்தது அத்தனையும் குப்பை. ராம்ல இருக்கறதை ஸ்வாப்புல எழுதி வெச்சுட்டு ஆஃப் ஆகற, அதாவது ஹைபர்னேட் பண்ற லேப்டாப்னா மட்டும் கதை வேற.

ராம் பத்தலைன்னா லினக்ஸோட மையமான கெர்னல், ரொம்ப நேரமா யாரும் தொடாத மெமரி பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளும், ஒரு பக்கம் வழக்கமா 4096 பைட், இதெல்லாம் காலேஜ்ல படிச்சிருப்பீங்க. எனக்குப் பிடிச்சது அடுத்து நடக்கறதுதான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதோட பக்கங்கள் எங்க இருக்குன்னு சொல்ற ஒரு பேஜ் டேபிள் உண்டு, இன்னைக்கு சர்வர்ல இருக்கற இன்டெல், ஏஎம்டி சிப்புல அதோட ஒவ்வொரு என்ட்ரியும் 64 பிட். கடைக்கோடி பிட் 1னா பக்கம் ராம்ல இருக்கு, எங்க இருக்குங்கற விலாசம் மிச்ச பிட்டுல. அந்த ஒத்த பிட் 0 ஆயிட்டா, மிச்சம் 63 பிட்டை சிப்பு திரும்பிக்கூடப் பாக்காது. சும்மா கிடக்கற அந்த இடத்தைக் கெர்னல் விடுமா? எந்த ஸ்வாப், அதுல எத்தனாவது இடம்னு அங்கயே எழுதி வெச்சுக்குது. கபாலீஸ்வரர் கோயில் வாசல்ல செருப்பை விட்டுட்டு டோக்கன் வாங்கற மாதிரிதான். புரோகிராம் அந்தப் பக்கத்தைத் தொட்டதும் சிப்பு 0வைப் பாத்து பேஜ் ஃபால்ட்னு கத்தும், கெர்னல் வந்து டோக்கனைப் படிச்சு, டிஸ்க்குல இருந்து பக்கத்தை எடுத்து ராம்ல போட்டு, பிட்டை 1 ஆக்கிட்டு, தடைபட்ட அதே இன்ஸ்ட்ரக்ஷனை மறுபடி ஓட விடும். நடுவுல இவ்வளவு நடந்தது புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது!

1962ல மான்செஸ்டர்ல ஓட ஆரம்பிச்ச அட்லஸ் கம்ப்யூட்டர்லயே, டிஸ்க்குக்குப் பதிலா சுத்தற காந்த டிரம்மை வெச்சு இதைச் செஞ்சுட்டாங்க. இன்னைக்கு இப்படி ஒரு யோசனையோட ஃபண்டிங் கேட்டுப் போனா, உடனடிப் பயன் என்னன்னு ஒரு ஃபாரம் நீட்டுவாங்க.

இப்ப பாருங்க, அந்த டோக்கன் எல்லாம் இருக்கறது ராம்ல. கரண்ட் போனா டோக்கனும் போச்சு, அப்புறம் டிஸ்க்குல கிடக்கறது எந்தப் பக்கம் யாரோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால புதுசா ஒண்ணு போட்டா போதும். அதுக்கான எம்கேஸ்வாப் கமாண்ட், டிஸ்க்குல ஸ்வாப்புக்குன்னு ஒதுக்கின பார்டிஷன் முழுக்க எழுதறதில்ல, முதல் பக்கத்துல ஒரு சின்ன ஹெட்டர், அதுல யூயூஐடின்னு ஒரு தனி அடையாள எண், பக்கத்தோட கடைசி 10 பைட்டுல ஸ்வாப்ஸ்பேஸ்2னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், அதான் எவ்வளவு பெரிய பார்டிஷனா இருந்தாலும் கண்ணிமைக்கறதுக்குள்ள முடிஞ்சுருது. தப்பான பார்டிஷன்ல அடிச்சாலும் அதே வேகம்தான், டிஸ்க், பார்டிஷன் பட்டியல் காட்டற எல்எஸ்பிஎல்கே கமாண்ட்ல பேரைப் பாத்துட்டு அடிங்க.

உங்க ஒன்றரை நிமிஷத்துக்குக் காரணம், பூட் ஆகறப்ப எந்தெந்த டிஸ்க் வேணும்னு பட்டியல் வெச்சிருக்கற எஃப்எஸ்டாப் ஃபைல்ல இன்னும் உக்காந்திருக்கற பழைய யூயூஐடி. அந்த டிஸ்க் வரும்னு, பூட்டை நடத்தற சிஸ்டம்டி 90 செகண்ட் காத்திருந்து பாக்குது. அங்க புது யூயூஐடியை மாத்துங்க, இல்லன்னா எம்கேஸ்வாப்புக்கே பழசைக் கொடுத்துருங்க, ஏத்துக்கும்.

அளவு ராமைப் போல ரெண்டு மடங்கு வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ராம் சில மெகாபைட் இருந்த காலத்துக் கணக்கு அது, 64 ஜிபி சர்வர்லயும் அதையே பிடிச்சுட்டுத் தொங்கறது சர்வர் ரேக்ல எலுமிச்சம்பழம் கட்டற ரகம். அதைவிட ஸ்வாப்பையும் ரெய்டு மிரர் மேல போடுங்க, ஏன்னா ஓடிட்டிருக்கறப்ப ஸ்வாப் டிஸ்க் செத்தா, அதுல பக்கம் வெச்சிருந்த புரோகிராம் அதைத் தொட்ட உடனே செத்து விழும்.

எல்லாம் முடிச்சு, எஃப்எஸ்டாப்ல இருக்கற ஸ்வாப்பை ஆன் பண்ற ஸ்வாப்ஆன் மைனஸ் ஏ அடிங்க, ஃப்ரீல பூஜ்யம் போயிரும். டெபியன், உபுண்டுன்னா இனிட்ராம்எஃப்எஸ்டூல்ஸ் ஃபோல்டர்ல ரெஸ்யூம்னு ஒரு ஃபைல் இருக்கலாம், அதுலயும் பழைய யூயூஐடி இருந்தா மாத்திட்டு, பூட்டோட ஆரம்பத்துல ராம்ல ஏத்தற சின்ன ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் பண்ணுங்க.