காட்டில் பட்ட காயம் ஏ9 வீதியில் வெடிக்கும்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாங்குளத்தில் என் ரயர் கடை வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. பின் சீற்றில் ஒரு பெடியன், அவன் மடியில் பிக்கப் சக்கரம் ஒன்று. ரயர் என்று சொல்ல அதில் மிச்சமிருந்தது றிம்மைக் கவ்விக்கொண்டிருந்த இரண்டு வளையமும் நாலைந்து ரப்பர் நாடாவும்தான். கனகராயன்குளத்தடியில் வெடித்ததாம்.

"அண்ணை, போட்டு ஆறு மாசம்தான். ஒரிஜினல் ரயர் எண்டுதான் காசு வாங்கினவங்கள். ஏமாத்திப்போட்டாங்கள்."

"எங்க போட்டு வாறியள்?"

"நாயாத்துக் கடற்கரை. ராத்திரி அங்கதான் தங்கினனாங்கள்."

"மணலுக்க இறங்கேக்க காத்துக் குறைச்சனியளோ?"

"ஓம் அண்ணை, பதினெட்டுக்கு விட்டனாங்கள். அப்பிடித்தானே செய்யச் சொல்லுறவை."

"பிறகு திருப்பி அடிச்சது எங்க?"

பெடியன் ஓட்டோக்காரரைப் பார்த்தான். "வவுனியாவில அடிப்பம் எண்டு நினைச்சம்."

நாயாற்றிலிருந்து முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று எழுபது எண்பது கிலோமீற்றர் பதினெட்டு இறாத்தல் (பி.எஸ்.ஐ) காற்றோடு, காப்பெற் வீதியில் தொண்ணூறில் ஓடி வந்திருக்கிறார்கள். என் கடை வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருவிகளை எடுத்துக்கொண்டு அவனோடு போனேன். பின் இடது சக்கரம் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் நின்றது. பூ, அதாவது வீதியில் படும் வரிப்பகுதி, புதுசு, கீறல் இல்லை. "இது நல்லா இருக்கு, இதைப் பார்க்கத் தேவையில்லை" என்றார்கள். நான் விடவில்லை. கடைக்குக் கொண்டுவந்து றிம்மிலிருந்து கழற்றி, நிமிர்த்திப் பிடித்து ஒரு உதறு உதறினேன். சீமெந்துத் தரையில் கறுப்புப் பொடி கொட்டியது. கோப்பித் தூளைப் போல, ஒரு கைப்பிடிக்குக் குறையாது. உள்ளே விரலை விட்டுத் தடவினால், பக்கச் சுவரின் உட்புறம் வட்டமாக ஓரிடத்தில் சொரசொரத்தது. அந்த வட்டத்தில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. வெளியே புதுசாக இருந்த அந்த ரயர் உள்ளே செத்துப்போயிருந்தது. காற்றடித்து அனுப்பியிருந்தால் அனுராதபுரம் தாண்டமாட்டாது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பொடிதான். காட்டு வழி ஓடும் ரயர் நம்பத்தக்கதா, எந்தக் கொம்பனி நல்லது என்று கேட்டு மாதத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். என் அனுபவத்தில் கொம்பனியின் பெயர் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்களிடம் காற்றுப் பார்க்கும் கேஜ் இருக்கிறதா என்பது.

வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர வேண்டியிருக்கும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடேறி ஒடிவதைச் சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்திருப்போம். 265/70 ஆர் 16 அளவு ரயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.4 மீற்றர் போகும். தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் அது ஒரு நொடிக்குப் பத்துச் சுற்று. ஒரு நொடியில் பத்து மடிப்பு, ஒரு மணித்தியாலத்தில் முப்பத்தாறாயிரம். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நூலுக்கும் ரப்பருக்கும் இடையில் தங்கும், இரண்டும் ஒட்டியிருக்கும் பிடியை விடுவிக்கும். மணலில் பதினெட்டு இறாத்தலோடு ஓடியதில் ஒரு பிழையும் இல்லை. மணலில் இருபது முப்பதுக்கு மேல் வேகம் போகாது, சூடும் ஏறாது. பிழை நடந்தது தாரில் ஏறிய இடத்தில்.

2009க்குப் பிறகு சில வருடம் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் வாகனப் பகுதியில் வேலை செய்தேன். அங்கே எங்களுக்குப் பாடமாகச் சொன்ன கதை ஒன்று. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கொம்பனி 65 லட்சம் ரயரைத் திருப்பி எடுத்தது. பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஜீப்பில் பூட்டியவை. ஓடும்போதே பூப் பகுதி உரிந்து, வாகனம் உருண்டு, 270க்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ரயர் பிழை என்றது ஒரு பக்கம், ஜீப் பிழை என்றது மறுபக்கம். அந்த ஜீப்புக்கு ஃபோர்ட் சொல்லியிருந்த காற்று 26 இறாத்தல். அந்தச் சண்டையில் யார் வென்றார்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை. குறைந்த காற்று, கூடின பாரம், வேகம், வெயில் ஆகிய நாலும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ரயர் உரியும் என்பதுதான் பாடம். ஆடி ஆவணியில் வன்னியில் அந்த நாலும் சேராத நாள் குறைவு. மடுத் திருவிழாவுக்கு எட்டுப் பேர், கூரையில் கூடாரம், பின்னால் தண்ணீர்க் கான், சமையல் பானை, வெளியே முப்பத்தைந்து பாகை.

காற்றைக் காலையில், வாகனம் ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது பாருங்கள். ஓட்டுநர் கதவடியில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு என்று இருக்கும். பாரம் ஏற்றினால் பின் சக்கரத்துக்கு வேறு கணக்கு. அதுவும் அதே தாளில்தான். ஓடச் சூடேறி நாலைந்து இறாத்தல் கூடும், அது இயல்பு. கூடிவிட்டது என்று வழியில் இறக்காதீர்கள். ஆனால் 34இல் தொடங்கிய ரயர் ஒரு மணி நேரத்தில் 44 காட்டினால், கூடிப்போச்சு என்று காற்றை வெளியே விடுவது தலைகீழ் வைத்தியம். தொடங்கும்போதே பாரத்துக்குக் காற்றுப் போதாமல் இருந்திருக்கிறது, அதனால்தான் அவ்வளவு சூடு. நிழலில் ஆறவிட்டுக் கூட்டி அடியுங்கள், இல்லாவிட்டால் பாரத்தைக் குறையுங்கள்.

கிறவல் வீதிக்கு வழமையான காற்றில் கால்வாசி குறைத்தால் கல்லின் கூர் பூவுக்குள் ஏறாது, முதுகும் தப்பும். துணுக்காய், ஐயன்கன்குளம் பக்கத்து உள்வீதிகளுக்கு அதுவே போதும். குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். திருப்பி அடிக்க 12 வோல்ற் சின்னக் கொம்பிறசர் ஒன்று வாகனத்தில் கிடக்கட்டும். அது இல்லாதவர் மணலில் காற்றை இறக்கக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

இனி "10 பிளை தாங்கோ" என்று வருகிறவர்கள். பத்துப் பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று நினைக்கிறார்கள். பருத்தி நூல் காலத்துக் கணக்கு அது. அந்தக் காலத்துப் பத்து அடுக்கின் பலம் என்று அர்த்தம். இப்போதைய றேடியல் ரயரின் பக்கச் சுவரில் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று அடுக்குத்தான் இருக்கும். இரும்புக் கம்பிப் பட்டி பூவுக்குக் கீழே மட்டும். நான் பார்க்கும் காட்டுக் காயங்களில் திருத்த முடியாதவை ஏறக்குறைய எல்லாமே பக்கச் சுவரில்தான். விறகுக்குச் சரிவாக வெட்டிவிட்ட கட்டை, ஈட்டியைப் போல நிற்கும். சூரை முள்ளும் காரை முள்ளும் பூவில் ஏறினால் ஓர் ஒட்டோடு போகும். கட்டை பக்கத்தில் ஏறினால் ரயர் முடிந்தது. புதுக்குடியிருப்பு, இரணைப்பாலைப் பக்கம் ஓடிய ரயரிலிருந்து செல் பீஸ், போரில் வெடித்த எறிகணைத் துண்டு, இழுத்தெடுத்திருக்கிறேன். கறள் பிடித்து, ஓரம் இன்னும் பிளேட்டாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

பத்துப் பிளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்.ரி (லைற் ட்ரக்) என்று அடித்திருக்கும் அந்த வகை ரயர், அதே பாரத்தைத் தூக்கச் சாதாரண ரயரை விடக் கூடிய காற்றுக் கேட்கும். கதவடித் தாள் பழைய ரயருக்கு எழுதியது. பலமான ரயரைப் போட்டுப் பழைய காற்றையே அடித்தால் காசையும் கொடுத்துச் சூட்டையும் வாங்குகிறீர்கள்.

பெரிய பல் வைத்த எம்.ரி (மட் ரெறெய்ன், சேற்றுக்கான) ரயரை வன்னிக்கு வேண்டும் என்று கொழும்பிலிருந்து பூட்டிக்கொண்டு வருகிறார்கள். கார்த்திகை மார்கழியில் வயல் வரம்பாலும் களியாலும் போகிறவருக்கு அது தேவைதான். முருங்கன் பக்கத்துக் கரிய களியில் ஏ.ரி (ஓல் ரெறெய்ன், எல்லா வழிக்குமான) ரயரின் பல் இடைவெளி பத்து மீற்றரில் அடைத்து வழுவழுப்பாகிவிடும். மற்றப்படி, பயணத்தில் முக்கால்வாசி தார் என்றால் எம்.ரி இரைச்சல், நனைந்த தாரில் பிறேக் பிடிக்கும் தூரம் கூடும், தேய்வும் கெதி. என்னைக் கேட்டால் நல்ல ஏ.ரி, மூன்று அடுக்குப் பக்கச் சுவரோடு. வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுக்க என்றால் எம்.ரி.

வயதைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. ஆறு வருடம் கடந்ததை ஒவ்வொரு வருடமும் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும், பத்து வருடம் கடந்ததைப் பூ எவ்வளவு இருந்தாலும் தூர ஓடக்கூடாது. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது ரயர் விலையும் கூடவே ஏறியது. அப்போது பாவித்த ரயர் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் விடவில்லை. வாங்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் சட்டைப்பையும் எனக்குத் தெரியும். இலக்கத்தை வாசித்து, உட்புறத்தை விரலால் தடவிப்பார்த்து வாங்குங்கள். வாசல் வெளிச்சத்தில் கறுப்புப் பூசி மினுக்கினதை நம்பவேண்டாம்.

ஒட்டு விசயத்தில் ஒரு சண்டை. வெளியிலிருந்து குத்திச் செருகும் திரி ஒட்டு, காட்டிலிருந்து வெளியே வருவதற்கு. வந்த பிறகு ரயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்ட வேண்டும். அதுவும் பூவின் நடுப்பகுதியில், ஆறு மில்லிமீற்றருக்கு உட்பட்ட ஓட்டைக்குத்தான். பக்கச் சுவர் வெட்டுக்கு உள்ளே ஒரு துண்டு ரயரை வைத்து ரியூப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்பவர்களுக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வண்டி என்றால் செய்து கொடுப்பேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற வாகனத்துக்குச் செய்யமாட்டேன். இதனால் வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு.

மேலதிகச் சக்கரத்துக்கு வருகிறேன். அந்தப் பெடியன் ஏன் வெடித்த சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்? பிக்கப்பின் அடியில் மேலதிகச் சக்கரம் இருந்தது. அதை இறக்கும் கம்பிச் சுருள் உப்புக்காற்றில் கறள் கட்டி இறுகியிருந்தது. ஒரு தடவையும் இறக்கிப் பார்த்ததில்லை. நான் சுத்தியலால் தட்டி, எண்ணெய் விட்டு, அரை மணித்தியாலத்தில் இறக்கினேன். அதில் காற்று பதினொரு இறாத்தல். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் இறக்கி, காற்றுப் பார்த்து, கம்பிக்குக் கிறீஸ் பூசி ஏற்றுங்கள். சில்லு நட்டை இயந்திரத்தால் இறுக்கி வாங்கினால், வாகனத்தோடு வந்த கைச்சாவியால் அது கழருகிறதா என்று கடை வாசலிலேயே பாருங்கள். மணலில் வாகனம் தூக்கும் ஜக் புதையும், ஒரு பலகைத் துண்டு வேண்டும்.

ஒன்றை மட்டும் வன்னிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை தெரிகிற இடத்தில் காற்றுப் போனால் ஓரங்கட்ட வேண்டாம். சக்கரத் தடத்திலேயே, மெதுவாக, றிம்மில் உருண்டாவது, மக்கள் நடமாடும் இடம் வரை போங்கள். ரயர் போகட்டும், றிம்மும் போகட்டும். அந்த நிறுவனத்தில் எங்களுக்குக் கட்டளையே அதுதான்: வந்த தடத்தை விட்டுக் கால் வைக்காதே. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு காட்டு வீதியில் சக்கரம் மாற்றக் குந்துகிறவர் ஒருவரையாவது யானைக்குக் காவல் நிறுத்தவேண்டும் என்பதை நெடுங்கேணிப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று அவர்களுக்கு இரண்டு ரயர் கடனுக்குப் போட்டு அனுப்பினேன். பெடியன் அடுத்த கிழமை காசோடு வந்தான், கூடவே புதிதாக வாங்கின ஒரு கேஜ். என் மேசையில் கிடந்த இரண்டோடும் சேர்த்து ஒரே சக்கரத்தில் மூன்றையும் வைத்துப் பார்த்தோம். ஒன்று 33, ஒன்று 34, அவனுடையது 38.

"அப்ப எது சரி அண்ணை?"

முதல் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றன என்றேன். அவன் தன்னுடையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொழும்பில் வாங்கினதாம், பெட்டிக்குள் உத்தரவாதச் சீட்டும் இருக்கிறதாம். கறுப்பு மார்க்கரை எடுத்து அதன் முதுகில் "நாலு கழி" என்று எழுதிக் கொடுத்தேன்.